சொல்லிக்கொள்ளப் போன கேப்டன்

கழுத்தில் நுழைவு அட்டை தொங்கும். தோளில் நான்கு பட்டை மின்னும். அப்படியும் விமான நிலையத்து வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலரிடம், "உள்ள போகட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே கால் வைப்பார். பீகார்க்காரக் காவலருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. இந்த மனுஷன் தினமும் என்னதான் கேட்கிறார் என்று புரியாமலே சல்யூட் அடித்து வைப்பார். துடைப்பக்காரம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தால் அவரிடமும் அனுமதி. "மிதிச்சுக்கிடலாமாம்மா, இல்ல காயட்டுமா?" அந்தம்மா, "கேப்டன் சாருக்கு லொள்ளப் பாரு" என்று சிரிப்பாள். லொள்ளு இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே கேட்கிறார். காயட்டும் என்று சொன்னால் நிற்பார்.

முதல் ஒரு வாரம் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக ஆனது. இப்போது அவரை நினைத்தால் வயிறு எரிகிறது.

கோயமுத்தூர் விமான நிலையத்தின் ஓர் ஓரத்தில் எங்கள் முதலாளியின் சிறு விமானம் நிற்கும். பின்னால் எட்டுப் பேர் உட்காரலாம். முதலாளிக்கு மில் உண்டு, கல்லூரி உண்டு, சின்னக்கானலில் அப்பா காலத்துத் தேயிலைத் தோட்டமும் பங்களாவும் உண்டு. அவர் ஏறாத நாட்களில் விமானம் வாடகைக்குப் போகும். அதைத்தான் சார்ட்டர் என்பது. அதில் அவர் கேப்டன், நான் துணை விமானி. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பெயரைச் சொல்லி இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எதுக்குத் தங்கச்சி அதெல்லாம்? மொதலாளி பாத்தா என்ன நெனப்பாரு?" என்பார்.

அவர் பிறந்தது முதலாளியின் அதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு லயத்தில். அய்யாவும் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்கள். ஏதோ உதவித்தொகை, ஏதோ கடன் என்று எப்படியோ விமானி உரிமம் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு வேலை இல்லை. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டியிருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்கு விஷயம் போய், "நம்ம தோட்டத்துப் பையனா? வரச் சொல்லு" என்று கூப்பிட்டு வேலை கொடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது. முதலாளி நடுவில் நின்று சிரிப்பார், இவர் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். படத்தை அவர் செல்போனில் வைத்திருந்தார். எனக்கு எத்தனை தடவை காட்டியிருப்பார் என்று கணக்கே இல்லை.

சார்ட்டர் வேலை என்னவென்று எங்கள் ஊரில் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னந்தோப்பு. பைலட் என்றால் கறுப்புக் கண்ணாடி போட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு ஸ்டைலாக நடந்து போவார்கள் என்பதுதான் அம்மாவின் எண்ணம். ஒரு நாள் ஆசையாக விமானத்தைப் பார்க்க வந்தாள். அன்று பார்த்து அண்ணன் உள்ளே முட்டிபோட்டு, முதலாளியம்மாவின் நாய் உதிர்த்த முடியை வேக்குவம் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ப் பாட்டில் பெட்டியையும் இட்லி ஹாட்பேக்கையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி ஏறினேன்.

"ஏம்புள்ள, ப்ளேன் ஓட்டறவீங்களும் சுமை தூக்கோணுமா? இதுக்கு நம்மூட்டு டிராக்டரயே ஓட்டியிருக்கலாமல்லொ?" என்றாள் அம்மா.

அண்ணன் நாய்முடி ஒட்டிய சட்டையோடு இறங்கி வந்து அம்மாவைக் கும்பிட்டார். "எல்லாம் நம்மதாம்மா பாக்கணும். சாரமில்ல."

சாரமில்லை என்றால் மலையாளத்தில் பரவாயில்லை. அந்த மனுஷனுக்கு எல்லாமே சாரமில்லைதான்.

சுமைகூடப் பரவாயில்லை. சார்ட்டரில் ஆளைக் கொல்வது காத்திருப்பு. அங்கே பணிநேரப் பட்டியல் என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கும். போன் அடிக்கும், "முதலாளி கிளம்பறார்" என்பார்கள். உலை கொதிக்கிறதோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, ஓடவேண்டும். ஓடிப்போய் விமானத்தைத் தயார் செய்து நின்றால் முதலாளி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் வருவார். அண்ணனின் மனைவி மறையூரில் பள்ளிக்கூட டீச்சர். ஒரே மகள். மறையூருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவில் ஒரு மலைதான். அந்த மலையை ஏறி வீட்டுக்குப் போக அவருக்கு நாள் கிடைக்காது. பாதி தூரம் போய், உடுமலைப்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

"லீவுல எங்கயாச்சும் போலாமாப்பான்னு பிள்ள கேட்கும். பாப்போம்னு சொல்லுவேன். பாப்போம் பாப்போம்னு சொல்லிச் சொல்லி, இப்ப அது கேக்கறதையே விட்டுருச்சு தங்கச்சி" என்று ஒருமுறை சொன்னார்.

அவருக்கு ஏர்லைன் ஆசை அங்கிருந்து வந்ததுதான். பெரிய விமானமோ பெரிய பெயரோ அவருக்குப் பொருட்டில்லை. "அடுத்த மாசம் இன்ன நாள் லீவுன்னு இந்த மாசமே கையில குடுத்துருவாகளாமே? பிள்ளகிட்ட ஒரு நாளைச் சொல்லி, அந்த நாள்ல கரெக்டாப் போயி நிக்கலாம்லா?" இதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கணும். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான்.

இவ்வளவு சாதுவா என்று நினைத்துவிடாதீர்கள். மேலே ஏறிவிட்டால் அது வேறு ஆள்.

ஒரு ஆடி மாதம், முதலாளியைக் கொச்சிக்கு ஏற்றிப் போனோம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும்போதே விமானத்தைப் பிடித்து உலுக்கியது காற்று. கொச்சியில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத மழை. இரண்டு முறை இறங்கப் பார்த்துவிட்டு அண்ணன் மேலே ஏற்றிவிட்டார். முதலாளி எழுந்து வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"என்னய்யா விளையாடறியா? எனக்கு மீட்டிங் இருக்கு. இறக்குய்யா!"

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போயி பெல்ட் போட்டு உக்காருங்க சார். திருச்சிக்குப் போறோம்."

"நான் சொல்றேன், இறக்கு!"

"சார், நீங்க உக்காந்தாத்தான் நான் ஓட்ட முடியும்."

முதலாளி போய் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு குரல் அது. அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இடி இடித்து விமானம் தூக்கிப் போட்டபோதுகூட அந்தக் கை ஒரு நூல் அசையவில்லை. திருச்சியில் பூப்போல இறக்கினார். இறக்கிய மறு நிமிஷம், அதே ஆள், குடையைத் தூக்கிக்கொண்டு படிக்கு ஓடினார். முதலாளி தலையில் ஒரு சொட்டு விழாமல் கட்டடம் வரைக்கும் பிடித்துக்கொண்டு போய்த் தான் தொப்பலாக நனைந்து வந்தார். போகிற வழியெல்லாம் முதலாளி திட்டிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது.

"ஏனுங்ணா, மேல அந்த மெரட்டு மெரட்டிப்போட்டுக் கீழ வந்து குடை புடிக்கறீங்களே, வெக்கமா இல்லீங்ளா?" என்றேன். வாய் அடங்காது எனக்கு.

சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "மேல வண்டி என் பொறுப்பு தங்கச்சி. கீழ அவரு மொதலாளி. ரெண்டையும் போட்டுக் கொழப்பக்கூடாதும்மா."

எனக்கென்னவோ அவர்தான் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. சொன்னேன். சாரமில்லை என்றார்.

அந்த வருடம் ஒரு பெரிய ஏர்லைன் ஆள் எடுத்தது. எங்களைப் போலச் சின்ன விமானம் ஓட்டியவர்களும் வரலாம் என்றார்கள். ஆனால் யாராக இருந்தாலும் துணை விமானியாகத்தான் சேரவேண்டும். அங்கே அனுபவத்துக்கு மதிப்பு அப்புறம்தான், முதலில் சேர்ந்த தேதிக்குத்தான். முந்திச் சேர்ந்தவர் முந்திக் கேப்டன் ஆவார், நல்ல லீவும் அவருக்குத்தான் முதலில். அண்ணன் கேப்டன் பட்டையைக் கழற்ற வேண்டியிருக்குமே என்று நான் கவலைப்பட்டேன். அவருக்கு அந்தக் கவலையே இல்லை. "ஒரு பட்டை கொறஞ்சா என்ன, தூக்கம் கூடும்லா" என்றார். அவருக்கு இருந்த கவலை வயது. ஏர்லைனில் வயது வரம்பு உண்டு. அவர் அதன் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை விட்டால் அவருக்கு அடுத்த முறை கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், மறையூர் டீச்சருக்கும் தெரியும்.

இரண்டு பேரும் ஹைதராபாத்துக்குத் தேர்வுக்குப் போனோம். விமானத்தைப் போலவே ஆடுகிற ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு என்ஜினை அணைத்துவிட்டு என்ன செய்கிறோம் என்று பார்ப்பார்கள். அண்ணன் ஓட்டியதைப் பார்த்துவிட்டுத் தேர்வாளர் என்னிடம் வந்து, "யாரம்மா இவர், இத்தனை நாள் எங்கே இருந்தார்?" என்று கேட்டார். உள்ளே தேர்வு முடிந்து அரை மணி நேரமாகியும் அண்ணன் வெளியே வரவில்லை. போகலாம் என்று யாரும் சொல்லவில்லையாம், அதனால் அங்கேயே இருந்திருக்கிறார்.

இரண்டு பேருக்கும் கிடைத்தது. சேரவேண்டிய நாள் இரண்டு பேருக்கும் ஒன்றே. அண்ணன் முதல் போனை மகளுக்குப் போட்டார். "ஏலா, வர்ற பொங்கலுக்கு அப்பா வீட்டுல இருப்பேன். பாப்போம் இல்ல. இருப்பேன்" என்றார். பேசி முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது இடத்தில் கையெழுத்துப் போடும்வரை பழைய இடத்தில் மூச்சு விடக்கூடாது. போட்டபின் விதிப்படி ராஜினாமாவை மெயிலில் தட்டிவிட்டு, நோட்டீஸ் மாதங்களை ஓட்டிவிட்டுப் போய்விட வேண்டும். முதலாளி முகத்துக்கு நேரே போய் நிற்கக் கூடாது. நின்றால் போச்சு. நான் அன்று சாயங்காலமே கையெழுத்தும் போட்டேன், மெயிலும் அனுப்பினேன்.

தோட்டத்துக்காரர்களுக்கு வேறு வழக்கம். லயத்தில் யார் வீட்டில் கல்யாணம் வந்தாலும், யார் ஊருக்குப் போனாலும், பையன் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினாலும், தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், வெல்லம் வைத்துப் பங்களாவுக்கு எடுத்துப் போய், துரையிடம் சொல்லிக்கொண்டு உத்தரவு வாங்கவேண்டும். துரை தோட்டத்தைவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. அப்புறம் மேனேஜர் வந்தார், முதலாளி வந்தார். தாம்பாளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அண்ணன் மறையூர் வெல்லம் வாங்கப் போகிறேன் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணா, வேண்டாமுங்ணா. மொதல்ல கையெழுத்தப் போடுங்க. மெயில் அனுப்புங்க. அப்பறம் வேணும்னா ஒரு மூட்டை வெல்லங்கூடக் கொண்டுபோய்க் குடுங்க."

"இத்தன வருசம் சோறு போட்ட எடம் தங்கச்சி. மெயிலா அனுப்புவாக? அவரு என்ன நெனப்பாரு? லயத்துப் பய, றெக்க மொளச்சதும் சொல்லாம ஓடிட்டான்னு நெனைக்க மாட்டாரு?"

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு! பொங்கலுக்குன்னு புள்ளைகிட்டச் சொன்னீங்களே, அது என்னாச்சுங்?"

"சொல்லிக்கிட்டுத்தான போறேன்? போகாதன்னா சொல்லப்போறாரு?"

முதலாளி அப்போது சின்னக்கானல் பங்களாவில் இருந்தார். அண்ணன் போனார். மறுநாள் திரும்பி வந்து, பட்டும் படாமலும் சொன்னார். முதலாளி கோபப்படவே இல்லையாம். சந்தோஷப்பட்டாராம். தாராளமாகப் போ, பொண்ணு கல்யாணம் மட்டும் முடியட்டும், வருகிற சொந்தபந்தத்தை எல்லாம் வேறு எவனையும் நம்பி ஏற்ற மாட்டேன் என்றாராம். இவரும் சரி என்றுவிட்டாராம்.

"சரின்னீங்களா? எப்பங் கல்யாணம்?"

"தையில."

நாங்கள் ஏர்லைனில் சேரவேண்டிய நாள் ஐப்பசியில். நான் அன்று அந்த மனுஷனை என்னென்ன திட்டினேன் என்று எழுத முடியாது. "கிறுக்குப் புடிச்சிருக்குதுங்ளா உங்களுக்கு?" என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையானது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஏர்லைனில் பேசி அடுத்த குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் வயது தாண்டாது என்றார். அவர்களும் சரி, பார்ப்போம் என்றார்களாம். பார்ப்போம் என்றால் என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

நோட்டீஸ் காலம் முழுவதும் முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கென்ன, பார்க்காவிட்டால் எனக்கென்ன? நான் சேர்வதற்கு முந்தின நாள் மறையூர் டீச்சர் போன் செய்தார்.

"தங்கச்சி, நாளைக்குத்தான நீங்க ரெண்டு பேரும் சேர வேண்டிய நாளு?"

"ஆமாங்கக்கா."

"இவுக எங்க போயிருக்காக தெரியுமா? மொதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிக்கையக் குடுக்க மதுரைக்கு ப்ளேனக் கொண்டுட்டுப் போயிருக்காக." அப்புறம், "நல்லா இரும்மா. நீயாச்சும் போய்ச் சேரு" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டில் இல்லை.

கல்யாணம் தையில் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு, பங்குனிக்குத் தள்ளிப் போட்டார்கள். பங்குனியில் கொரோனா வந்து உலகத்தையே இழுத்துப் பூட்டிவிட்டது. ஏர்லைன் அடுத்த குழு என்பதையே ரத்து செய்தது. எங்களில் பலரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. நானும் வீட்டில் தேங்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் போன் செய்து ஆறுதல் சொன்னார், எனக்கு!

"கவலப்படாத தங்கச்சி. மொதலாளி என்னய நிறுத்தல. பாத்தியா? ஒன்னயும் இங்க திருப்பிக் கூப்பிட்டுக்கிடச் சொல்லிக் கேக்கட்டா?"

"ஒண்ணும் வேண்டாமுங்ணா" என்று வைத்துவிட்டேன். அப்போது அவர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் எனக்கே சபலம் தட்டியது. இருக்கிற இடத்தில் விசுவாசமாக இருந்தால் கைவிட மாட்டார்கள்தானோ?

கதவெல்லாம் திறந்தது. நான் திரும்பப் பறக்கப் போனேன். முதலாளி மகள் கல்யாணமும் ஒருவழியாக நடந்தது. அண்ணன் ஊர் ஊராய்ப் போய்ச் சொந்தங்களை அள்ளி வந்து இறக்கினார். நாதஸ்வரக்காரர்களைக்கூட அவர்தான் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஏற்றி வந்தாராம். அப்புறம் ஒரு காலை, நான் டெல்லியில் ஹோட்டல் அறையில் இருக்கும்போது போன் வந்தது.

"தங்கச்சி, வண்டியக் காணோம்."

எனக்குப் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் சைக்கிளைப் பறிகொடுத்தவர் குரல் அது. "எந்த வண்டியுங்ணா?"

"நம்ம வண்டிதான். தொடைக்கலாம்னு காலைல வந்தேன். நிக்கிற எடம் காலியாக் கெடக்கு. எண்ணெய் ஊத்துற பையன்தான் சொன்னான். முந்தாநாள் வடக்க இருந்து ரெண்டு பைலட் வந்து எடுத்துட்டுப் போயிட்டாகளாம். வித்தாச்சாம்."

"முதலாளி உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்ளா?"

"இல்ல." அப்புறம், யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல, "வேல மும்முரத்துல மறந்துருப்பாரு" என்றார்.

ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். துடைத்த தரையை மிதிக்க உத்தரவு கேட்ட மனுஷன். அவனிடம் ஒரு வார்த்தை, போனில் ஒரே ஒரு வார்த்தை சொல்ல அந்த ஆளுக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டதா?

ஏர்லைன்களில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். வயது தாண்டிவிட்டது என்றார்கள். பெங்களூரில் ஒரு சார்ட்டர் கம்பெனியில் என்னோடு பயிற்சி பெற்றவள் இருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி அவருக்கு ஓர் இடம் பிடித்தேன். மறுநாளே வரச் சொன்னார்கள். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? போய் முதலாளியிடம் கேட்டார்! சின்னக்கானல் பங்களாவை அதற்குள் ரிசார்ட்டாக மாற்றியிருந்தார்கள். "இனி எதுக்குய்யா அலையறே? பங்களாவுக்கு நம்பிக்கையான ஆள் வேணும். அங்க இரு" என்றாராம் முதலாளி. இவர் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் போனில் அவரோடு பேசவில்லை. பேசினால் என் ரத்தம் கொதிக்கும்.

போன வருடம் நான் கேப்டன் ஆனேன். அம்மாவுக்கு மூணாறு பார்க்க ஆசை. மறையூர் வழியாகக் காரில் கூட்டிப்போய், ரூம் போடும்போது, வீம்புக்கு அந்த ரிசார்ட்டிலேயே போட்டேன். வாசலில் கார் நின்றதும் கதவைத் திறந்தவர் அவர்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, தோளில் நான்கு பட்டை. விமானமே இல்லாத மலைமேல் விமானி உடுப்பு. வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை என்று முதலாளி போடச் சொன்னாராம். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரோடு நின்று படம் பிடித்துக்கொண்டது. "கேப்டன் அங்கிளுக்கு ஒரு சல்யூட் அடி" என்று குழந்தைக்குச் சொன்னார்கள். அவரும் திருப்பி அடித்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க தங்கச்..." என்று ஆரம்பித்தவர், பின்னால் நின்ற இளவயது மேனேஜரைப் பார்த்துவிட்டு, "வாங்க மேடம், வாங்கம்மா" என்று பெட்டியைத் தூக்கினார். நான் பிடுங்கினேன். அவர் விடவில்லை.

சாயங்காலம் பங்களா ஹாலில் நானும் அம்மாவும் இருந்தோம். வெளியே பனி இறங்கி ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார். "மகள் எப்படி இருக்காளுங்ணா?" என்றேன். நர்ஸிங் படித்து மங்களூரில் வேலை பார்க்கிறாளாம், ஊருக்கு வருவது குறைவாம். "கூப்பிட்டா, பாப்போம்ப்பாங்குது" என்று சிரித்தார். என்னால் தாங்க முடியவில்லை. உட்காருங்கள் என்றேன். விருந்தாளிகளோடு வேலைக்காரர்கள் உட்காரக்கூடாது என்று விதி என்றார்.

"எப்படீங்ணா உங்களுக்குக் கோபமே வரமாட்டேங்குது? அந்த ஆள் உங்க வாழ்க்கையவே தின்னுபோட்டான். வண்டிய வித்துட்டுச் சொல்லக்கூட இல்ல. ஒரு நாளாச்சும் கோபம் வந்துதுங்ளா?"

"வந்துச்சு தங்கச்சி. வராம இருக்குமா?" மேனேஜர் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஆனா அவரு மேல இல்ல. அன்னைக்குத் தாம்பாளத்தோட வந்தேன்லா, இதே பங்களாவுக்கு. எங்கய்யா காலம்பூராவும் அந்தா, அந்தப் பொறவாசல்லதான் நிப்பாரு. கூலிக் கணக்குல பேரு விட்டுப்போச்சுன்னாலும் அங்க, லீவு வேணும்னாலும் அங்க. மழைன்னாலும் உள்ள வரச்சொல்ல மாட்டாக. நானும் அங்கதான் போயி நின்னேன். மொதலாளி எந்திரிச்சு வந்து, ஏன்யா கேப்டன் அங்க நிக்கிற, உள்ள வான்னாரு. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, இந்தா, நீங்க உக்காந்துருக்கிய பாத்தியா, அந்த எடத்துல, தன் பக்கத்துல உக்கார வச்சாரு. காப்பி கொண்டாரச் சொன்னாரு. அவரு குடிக்கிற அதே மாதிரிக் கப்பு."

அம்மா தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த நிமிசம் அவரு என்ன கேட்டிருந்தாலும் சரின்னுருப்பேன். கல்யாணம் முடியட்டும்னாரு. சரின்னேன். எம் பிள்ள நெனப்பு வரல, ஏர்லைன் நெனப்பு வரல, நீ சொன்னது ஒண்ணும் நெனப்புல இல்ல. அப்படி ஒரு சந்தோசம் வந்துச்சு பாரு, அத நெனச்சாத்தான் தங்கச்சி எனக்குக் கோவம் வரும். செவுத்துல முட்டிக்கிடலாம் போல வரும்."

அம்மா டீயைக் கீழே வைத்தாள். "ஒரு காப்பிக்கா சாமி?" என்றாள்.

"ஆமாம்மா." அண்ணன் காலித் தட்டை எடுத்துக்கொண்டார். "கையெல்லாம் நடுங்கிச்சு. அதயும் முழுசாக் குடிக்க முடியல."